முதலாளி வைத்த நேர்த்தி

அந்தக் கோடையில் அம்மா அயர்லாந்திலுள்ள நான்கு மாவட்டங்களுக்கு அர்ச்சனை செய்தார். நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. கோயில் ஐயருக்கு இந்தச் சங்கதி இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் தன் மந்திரத்தில் எங்கே பிசகு என்று மனிதர் கவலைப்பட்டிருப்பார்.

நாங்கள் அப்போது மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பா நகர மத்தியில் ஓர் ஐரிஷ்காரரின் கடையில் சமையல்காரர். பாதி சாப்பாட்டுக்கடை, பாதி மதுக்கடை. வீட்டில் முட்டைகூடத் தொடாத அப்பா அங்கே நாள் முழுக்கப் பன்றி இறைச்சி பொரித்தார். வீட்டுக்கு வந்து தலைமுழுகிய பிறகுதான் சாமிப்படங்கள் இருந்த பக்கம் போவார். கடைக்காரருக்குப் பெரிய உருவம், சிவந்த முகம், எந்நேரமும் தலையில் ஒரு தொப்பி. அவர் மொன்றியலுக்கு வந்து முப்பது வருடம். எங்கள் வீட்டில் அவருக்கு முதலாளி என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

முதலாளிக்குத் தன் மாவட்டத்தின் கேலிக் கால்பந்து அணி என்றால் உயிர். அது நாங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாடிய கால்பந்து அல்ல. பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தியும் அனுப்பலாம். இரண்டு நெட்டைக் கம்பங்களுக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். பந்து சட்டத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. கிழமை நாட்களில் வாத்தியார், தச்சர், மாடு வளர்ப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வீரர்கள். எந்த மாவட்டத்து ஆளோ அந்த மாவட்டத்துக்குத்தான் ஆடவேண்டும். முதலாளியின் மாவட்டம் அதுவரை ஒருமுறைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை.

அந்த வருடப் போட்டிகள் தொடங்கிய அன்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சுவரில் தொங்கிய பழைய அணிப் படத்தில் கையை வைத்து, இம்முறை கோப்பை கிடைத்தால் கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லி, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவைக் குறியும் போட்டுக்கொண்டார். இருந்தவர்கள் மேசையில் தட்டிச் சிரித்தார்களாம். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தைத் தொட்டு ஒருவர் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அது நேர்த்தி, சாமிக்குக் கொடுத்த வாக்கு. நேர்த்தி வைத்தவர் அதை நிறைவேற்றாமல் விடுவதைப் பற்றி அப்பாவால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. கடை போனால் அவருடைய வேலையும் போகும். கனடாவுக்கு வந்து ஆறு வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் நிரந்தர வேலை அது, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த கதை. அப்போது தெரிந்ததெல்லாம் தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில் முதலாளி எனக்குத் தந்த ஜெர்சியும், ஞாயிறு காலைகளும்தான். அயர்லாந்தில் பின்னேரம் நடக்கும் ஆட்டம் இங்கே காலையில் தெரியும். அம்மா வார இறுதியில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் நின்றதால், அப்பா என்னையும் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். குசினியின் பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னால் கதிரையில் ஏறி நின்றால் பெரிய திரை முழுதாகத் தெரியும்.

இரண்டாவது ஆட்டத்திலும் எங்கள் மாவட்டம் வென்ற கிழமையில்தான் அம்மா அர்ச்சனையை ஆரம்பித்தார். எங்கள் மாவட்டம் என்று எப்போது சொல்லத் தொடங்கினேன் என்று எனக்கே தெரியாது. இன்னொருவர் தோற்கவேண்டும் என்று சாமியிடம் கேட்பது பாவம் என்பது அம்மாவின் கொள்கை. எதிரணி வெல்லவேண்டும் என்று கேட்பதில் அவருக்கு ஒரு பாவமும் தெரியவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை எதிரணி மாவட்டத்தின் பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு கோயிலுக்குப் போனார். ஐயர் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, நட்சத்திரம் என்ன என்று கேட்டார். அம்மா ஒரு கணம் தடுமாறி என்னைப் பார்த்தார்.

"உத்தரட்டாதி ஐயா" என்றார். அது என்னுடைய நட்சத்திரம்.

"ஆர் பிள்ளை இது, வெள்ளைக்காரரோ?"

"ஓம் ஐயா. இவர் வேலை செய்யிற இடத்திலை தெரிஞ்ச ஆக்கள்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் நட்சத்திரத்தை எடுத்து எதிரிக்குக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, எல்லாருக்கும் நல்லது கேட்கவேண்டும் என்று ஒரு பதில். நான் நேரே பிள்ளையாருக்கு முன்னால் போய், காதைப் பிடித்துக்கொண்டு இருபத்தொரு தோப்புக்கரணம் போட்டு, எங்கள் மாவட்டத்தின் பெயரை அவருக்கு மட்டும் கேட்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வென்றோம். அடுத்த சுற்றிலும் அம்மா அர்ச்சனை, நான் தோப்புக்கரணம், வென்றோம். அரையிறுதியிலும் அப்படியே. வெற்றிக்கு வெற்றி அம்மாவின் முகம் வாடிக்கொண்டே போனது. அவருடைய சாமியை நான் தோற்கடித்துவிட்டதால் வந்த வாட்டம் என்று எண்ணி உள்ளூரப் பெருமைப்பட்டேன்.

இறுதி ஆட்டத்துக்கு அம்மா தனியாகப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார், என் தோப்புக்கரணம் ஞாயிற்றுக்கிழமைக்கு மிஞ்சியது. முதல்நாள் இரவு அப்பா சேர்ட் ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் மேசையில் பிரெஞ்சுப் பாடம் எழுதிக்கொண்டிருந்ததை இருவரும் மறந்துபோனார்கள்.

"நாளைக்கு வெண்டாங்கள் எண்டால் எங்கடை கதி என்னப்பா?"

"கடை பூட்டினால் வேறை இடம் தேட வேண்டியதுதான். மனுசன் படத்தைத் தொட்டுச் சொன்னவர். மாறமாட்டார்."

கையில் இருந்த பென்சில் அப்படியே நின்றுவிட்டது. மூன்று வெற்றிகளையும் வாங்கிக் கொடுத்தவள் நான். அப்பாவின் வேலையை அறுபத்துமூன்று தோப்புக்கரணத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துக்கொண்டிருந்தவளும் நான்தான். நாளைக்கு ஒன்றுகூடப் போடுவதில்லை என்று பிள்ளையாருக்கு அறிவித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் கடையில் கால் வைக்க இடமில்லை. பாதி ஆட்டம் முடிந்தபோது எங்கள் மாவட்டம் நான்கு புள்ளி பின்னால் நின்றது. நல்லது என்று நினைத்தேன். மனதில் ஒரு பாரம் இறங்கியது. அப்போதுதான் முதலாளியைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தொப்பி இல்லாமல் அவரை நான் கண்டதே இல்லை. தலை முழுக்க வழுக்கை. திரையைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. ஒன்பது வயதில் பாவம் பார்க்கத் தொடங்கினால் பிறகு நிறுத்தத் தெரியாது.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருந்தபோதும் நாங்கள் பின்னால்தான் நிற்க, கதிரையிலிருந்து இறங்கினேன். உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில், யாருக்கும் தெரியாமல், காதைப் பிடித்தேன். பத்தாவது போடும்போது வெளியே ஒரு பெரிய சத்தம், பந்து வலைக்குள். பிறகு இன்னும் சில சத்தங்கள். நான் எண்ணிக்கையைத் தவறவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. இருபத்தொன்று முடிந்து நிமிர்ந்தபோது ஆட்டமும் முடிந்திருந்தது. ஒரே ஒரு புள்ளியால் வென்றோம்.

அந்தக் கடையிலேயே பெரிய குரலில் கத்தியவர் அப்பா. கையில் அகப்பையோடு ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினார். முதலாளி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். அப்பாவின் முகம் முதலாளியின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்தபோதுதான் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறிவிட்டது.

மெத்ரோ ரயிலில் அக்காடி நிலையம் வரைக்கும் அடக்கிப் பார்த்தேன். அதற்கு மேல் முடியாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு அழுதேன். அப்பா கவனமாகக் கேட்டார்.

"இண்டைக்கு எத்தினை போட்டனி?"

"முப்பதுக்கு மேலை."

"என்னையும் கூப்பிட்டிருக்கலாம். நானும் போட்டிருப்பன்."

அடுத்த ஞாயிறு முதலாளி விருந்து வைத்தார், எல்லோரையும் குடும்பத்தோடு வரச்சொல்லி. பிரியாவிடை என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. அந்தக் கிழமை முழுக்க அப்பா தெரிந்தவர்களிடம் வேலை கேட்டுத் திரிந்தார். ஊருக்குப் போகிற பெரிய மனிதரை வெறுங்கையோடு அனுப்பலாமா? அம்மா நூறு உளுந்துவடை சுட்டார். அப்பா சரிகைக்கரை போட்ட ஒரு பொன்னாடை வாங்கினார். விருந்தின் நடுவில் அப்பா எழுந்து, பொன்னாடையை விரித்து முதலாளியின் தோளில் போர்த்தி, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் நன்றி சொல்லி, பயணம் நல்லபடி அமையவேண்டும் என்று முடித்தார். நாங்கள் கைதட்டினோம். வேறு யாரும் தட்டவில்லை.

எங்கே பயணம் என்று முதலாளி கேட்டார்.

அப்பா சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். முதலாளி படத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு பொன்னாடையோடு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடமாக ஒவ்வொரு வருடமும் இதைத்தான் சொல்லி வருகிறேன், அவங்கள் வெல்லுவாங்கள் என்று யார் கண்டது என்றார். அங்கே போய் யாரைப் பார்ப்பது என்றும் கேட்டார். செவ்வாய்க்கிழமை மீன் வரும், காலையிலேயே வந்துவிடு என்று அப்பாவிடம் சொன்னார்.

அம்மா அங்கேயே கண்ணை மூடிக் கும்பிட்டார். அப்பா பெருமூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு எழும்பி ஆடவேண்டும்போல் இருந்தது. அப்பாவின் வேலை இருந்த இடத்திலேயே இருந்தது. கோப்பையும் எங்களுடையது. நான் ஏழு வடை சாப்பிட்டேன்.

அது எங்கள் ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன வருடம். ஊருக்குப் போகிற பாதை திறந்தாயிற்று, எப்போது வருகிறீர்கள் என்று வீட்டுக்கு டெலிபோன்மேல் டெலிபோன். முதலாளியும் அதை டிவியில் பார்த்திருக்கவேண்டும். வடையைக் கடித்துக்கொண்டே அப்பாவிடம், உங்கள் நாட்டில் சண்டை நின்றுவிட்டதாமே, நீ எப்போது போகப்போகிறாய் என்று கேட்டார்.

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு என் தலையில் கையை வைத்தார். இவள் படித்து முடிக்கட்டும், அடுத்த நாளே போய்விடுவேன் என்றார்.

முதலாளி என் தலையில் இருந்த அப்பாவின் கையைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். அப்பாவும் சிரித்தார். இருவரும் கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார்கள். முதலாளி பொன்னாடையின் கரையால் முகத்தைத் துடைத்தார்.

இதில் என்ன பகிடி என்று எனக்கு விளங்கவில்லை. என்னால் அல்லவா அப்பா போகமுடியாமல் இருக்கிறார். அவரைச் சீக்கிரம் ஊருக்கு அனுப்பிவிடவேண்டும் என்று அந்த வருடம் முழுக்க விழுந்து விழுந்து படித்தேன்.