ஓடையைத் தாண்டிய அன்னம்மாள் சகோதரி

செவ்வாய்க்கிழமை காலை மருந்தகத்தில் காய்ச்சலுக்கான கொயினா மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது கன்னியர் மடத்துத் தோட்டக்காரர் மத்தாயி வாசலில் வந்து நின்றார். "கம்பவுண்டர் சாரே, அன்னம்மா சிஸ்டர் போயி" என்றார். விடியுமுன் இறந்துவிட்டாராம்.

அன்னம்மாள் சகோதரியை உங்களில் பலர் அறிவீர்கள். குளச்சல் கடற்கரையில் பிறந்தவர். சிறு வயதில் கண்ட வைசூரி அம்மையின் தழும்பு முகம் முழுக்க இருக்கும். திருவனந்தபுரத்து மிஷன் மருந்தகத்தில் அவரோடு பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த நாஞ்சில் நாட்டுக்காரன் நான், திருநீறு பூசுகிறவன். அதைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. ஒரு நாள் பூசாமல் வந்தபோது மட்டும், "உடம்புக்குச் சுகமில்லியா பிள்ளைவாள்?" என்று விசாரித்தார்.

ஒருமுறை போனக்காட்டு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் காய்ச்சல் மருந்து கொண்டுபோனோம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எங்களை மறித்தார். "ஓடைக்கு அந்தப் பக்கம் மட்டும் போவாதீங்கம்மா. வைசூரி. ஏழு பேரைக் கொண்டுபோய் விட்டோம். நாலு பேரு முடிஞ்சாச்சு."

"மிச்சம் மூணு பேருக்கு யாரு தண்ணி கொடுக்கா?" என்று கேட்டார் சகோதரி.

கஞ்சியை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு வருவதுதான் அங்கே ஏற்பாடு. "எனக்கு வந்து போன நோவுதானே" என்று சொல்லிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சகோதரி ஓடையில் இறங்கினார்.

நான் அம்மை குத்திக்கொண்டவன். ஆனாலும் இரண்டு நாள் இக்கரையிலேயே நின்றேன். இதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் நாள் அவர் அக்கரையிலிருந்து கூப்பிட்டார். "பிள்ளைவாள், ஒருத்தியத் தூக்கிப் படுக்க வைக்கணும். எனக்குக் கை ரெண்டுதான இருக்கு." போனேன்.

குடிசையில் பொன்னுத்தாய் என்ற கொழுந்து பறிக்கும் பெண் கிடந்தாள். இமைகள் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. சகோதரி அவள் தலையை மடியில் ஏந்தி, துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறும் பூசை தவறாதவர் அவர். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. பூசை காண முடியாமப் போச்சே அம்மா" என்றேன்.

அவர் நிமிரக்கூட இல்லை. "ஆண்டவரு தண்ணி கேட்டாரு, கொடுத்துக்கிட்டு இருக்கேன். வேற எங்க போய் அவரைப் பாக்கச் சொல்லுதீரு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். உவமையாகச் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்.

மூன்று பேரும் பிழைத்தார்கள். ஆனால் அவர்களைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் விடுவார்களா என்பது நிச்சயமில்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு நாங்கள் ஓடையைத் தாண்டி வந்த அன்று லயத்தில் வரிசையாகக் கதவுகள் சாத்தப்பட்டன. சகோதரி பொன்னுத்தாயின் கையைப் பிடித்தபடி முதல் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். "ஏளா, தேயிலைத் தண்ணி இருந்தாக் கொடு. நாங்க அஞ்சு பேரு இருக்கோம்."

வெகுநேரம் கதவு அசையவில்லை. பிறகு ஒரு பெண் ஐந்து குவளைகளோடு வெளியே வந்தாள். ஒன்றைப் பொன்னுத்தாயின் கையில் தானே கொடுத்தாள். மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. அன்று நான் குடித்ததைப்போல் ருசியான தேயிலைத் தண்ணீரைப் பிறகு குடித்ததில்லை.

புதன்கிழமை சகோதரியின் அடக்கத்துக்கு மலையிலிருந்து ஒரு கூட்டமே இறங்கி வந்தது. பொன்னுத்தாய் தன் இரண்டு பிள்ளைகளோடு முன்னால் நடந்தாள். கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் பாடிக்கொண்டே போனார்கள். அழுகை குறைவாகவே கேட்டது.

நான் இன்றும் திருநீறு பூசுகிறவன்தான். அவருடைய ஆண்டவரை அவர் கண்டதுபோல் கண்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் மருந்து கேட்டு எந்த ஏழை வாசலில் வந்து நின்றாலும் நாற்காலியைவிட்டு எழுந்து நிற்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது.