நூம்பலில் ஒரு செவலைப் பசு

தொண்ணூறுகளின் தொடக்கம். மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பட்டாபிராமில் ரயில் ஏறி, ஆவடியில் இறங்கி, பஸ்ஸில் பூந்தமல்லி போய், அங்கிருந்து வேலப்பன்சாவடிக்கு இன்னொரு பஸ் பிடித்தேன். "நூம்பலா? உள்ள நடக்கணும்மா. ஆட்டோ ஒண்ணும் நிக்காது" என்றார் கண்டக்டர்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் என் பக்கத்து மேசையில் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அழைத்திருந்தாள். அவள் கணவர் அருள், தான் வேலை செய்த பட்டறை மூடியபின் நூம்பலில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போட்டு வந்தார். அவர்களிடம் ஒரே ஒரு செவலைப் பசு. அதன் மடியில் ஒரு பக்கம் கல்லாக வீங்கிப் பால் திரிதிரியாக வந்தது. ஊசி போட்டால் அடங்கும், பிறகு திரும்ப வீங்கும். அந்தக் கவலையில் ஸ்டெல்லா சரியாகச் சாப்பிட்டே பல நாளாகியிருந்தது.

மனைக்கற்கள் நட்ட பொட்டல்களைத் தாண்டி ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஸ்டெல்லா அம்மியில் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் துளி சுண்ணாம்பும் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"வாக்கா. மடியில பூசத்தான் அரைச்சிகினு கீறேன். மாடு படுக்கிற தரையில ஈரமே இருக்கக் கூடாதுன்னு மாட்டு டாக்டரு சொன்னாரு. அதான் சருகு கொட்டி வச்சிகீறோம்."

மூத்திரத்தில் ஊறிய அந்தச் சருகைத்தான் அருள் தினமும் வயலில் போட்டு மூடுகிறார். முன்பு குத்தகைக்கு இருந்தவர் ரசாயன உரம் கொட்டிக் கொட்டி இறுக்கிவிட்ட மண் அது. சருகு விழுந்த பாதியில் என் விரல் எளிதாக இறங்கியது, மண்புழு நெளிந்தது. மறுபாதி இன்னும் வெள்ளை பூத்து, கீரை மஞ்சளடித்து நின்றது.

"சாயந்தரம் மாட்டை ஏத்தினு போகத் தரகர் வண்டி கொண்டாறாரு" என்றார் அருள். "பால் இல்லாத மாட்டுக்கு எத்தினி நாள் தீனி போட முடியும், சொல்லுங்க."

"மாடு போச்சுன்னா இந்த மண்ணும் பழையபடி ஆயிடும்" என்றாள் ஸ்டெல்லா. "மொதல்ல இன்னிக்கி பாலைப் பாரு."

திரி இருந்தால் பளிச்சென்று தெரியும்படி கிண்ணத்தின் வாயில் கறுப்புக் குடைத்துணியைக் கட்டி, வீங்கிய காம்பை மெல்லப் பிடித்தாள். நேற்றுவரை உதைத்த பசு அசையாமல் நின்றது. துணியில் பால் விழுந்தது. திரி இல்லை. மறுபடியும் பீய்ச்சினாள். அப்போதும் இல்லை.

அருள் துணியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்தார். "தரகர் ஊட்டாண்ட போய், வர வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

ஸ்டெல்லா பசுவின் வயிற்றில் நெற்றியை வைத்து அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பாலை இப்ப விக்க மாட்டேன்க்கா. நல்லா ஆவட்டும்" என்றாள். இருவருமாக அன்றைய சருகை வாரி, வெள்ளை பூத்த பக்கம் கொண்டுபோய்ப் பரப்பினோம்.

எங்கள் பட்டாபிராம் தெருவில் பூவரச இலையைக் கூட்டிக் கொளுத்துவதுதான் வழக்கம். நானும் அதைச் சுத்தம் என்றே நினைத்திருந்தேன். மறுநாள் காலை பக்கத்து வீட்டுக்காரி தீப்பெட்டி எடுப்பதற்குள் போய்க் குவியலைக் கோணிப்பையில் அள்ளிக்கொண்டேன். வேலைக்குக் கோணிப்பையோடு வந்த என்னைக் கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

"இன்னாம்மா இது?"

"மாட்டுக்குப் படுக்கை" என்றேன்.