பத்தொன்பது நிமிடம்

14.07.1990 – ரூ. 400
02.02.1991 – ரூ. 400
09.11.1991 – ரூ. 450
22.08.1992 – ரூ. 500
19.06.1993 – ரூ. 650

மயிலாப்பூர் சுப்புராயன் சிறுவர்களுக்காக எழுதிய ஐந்து புத்தகங்களுக்குத் தியாகராய நகர் பதிப்பாளர் ஷரீஃப் கொடுத்த தொகைகள் இவை. ஐந்தும் சனிக்கிழமைகள். ஐந்தாவது புத்தகத்துக்கு மட்டும் படம் வரைந்த கூலியும் சேர்ந்தது. அந்தப் புத்தகத்தின் பெயர் ‘செங்கல் வாய்’. அதை எழுதாமலேயே இருந்திருக்கலாம் என்று சுப்புராயன் பின்னாளில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். அது அவர் மனைவி சொர்ணம்.

அவர் பிறவி எழுத்தாளர் அல்ல. இருபதாவது வயதில் ஒரு தனியார் நில அளவை நிறுவனத்தில் சங்கிலி இழுக்கும் ஆளாகச் சேர்ந்தார். முப்பத்தெட்டு வருஷம் கழித்துத் தலைமை வரைபடக்காரராக ஓய்வு பெற்றார். அந்த முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் அளந்த ஒவ்வொரு குளம், சந்து, மதகு, பாழடைந்த பங்களா ஆகியவற்றின் கணக்கும் அறுபத்தொரு நோட்டுப் புத்தகங்களில் இருந்தது. அவை கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தன. சொர்ணம் அந்தப் பெட்டியை ‘உங்க மூத்த பொண்டாட்டி’ என்பாள்.

கதைக்குள் அவர் வந்ததும் ஒரு வரைபடத்தால்தான். புதையல் கதை ஒன்றுக்குப் படம் போட்டுத் தரும்படி ஷரீஃப் கேட்டார். கையெழுத்துப் பிரதியைப் படித்த சுப்புராயன் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“இந்தப் பசங்க கோட்டையிலிருந்து கிளம்பிப் பத்து நிமிஷத்துல கடலுக்குப் போறாங்க. நடுவுல மூணு மைல் இருக்கு. எப்படிப் போனாங்க?”

“பேய் தூக்கினு போச்சுன்னு வெச்சுக்கோங்க சார்.”

“பேய்க்கும் மூணு மைல்தானே.”

ஷரீஃப் பிரதியை ஓரமாகத் தள்ளி வைத்தார். “அப்போ நீங்களே எழுதுங்க,” என்றார்.

எழுதினார். அவருக்கு ஒரு விதி உண்டு. தான் அளக்காத இடத்தைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார். தெருவின் பெயரை மாற்றுவார். தெருவின் நீளத்தை மாற்ற மாட்டார். பிசாசு இருக்கும் கிணற்றுக்கு எத்தனை உறை என்று எழுதினால் அத்தனை உறைதான் இருக்கும். பழைய காலத்துக் கப்பல், காசு, துப்பாக்கி பற்றியெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து தேடிக் குறிப்பெடுத்த பிறகே எழுதுவார். பயங்காட்டும் கதைகளில் இத்தனை சுத்தம் இருந்ததால்தான் பிள்ளைகள் அவற்றை விரும்பினார்கள். படித்தால் உண்மை போலவே இருந்தது.

‘செங்கல் வாய்’ கதை நடக்கும் இடம் அடையாற்றின் கரையில் இருந்தது. யாரோ எப்போதோ கட்டிக் கைவிட்ட செங்கல் வடிகால் அது. 1958-இல் சுப்புராயன் அதற்குள் குனிந்து போய் அளந்திருந்தார். வாசற்படியின் வெளி விளிம்பிலிருந்து உள்ளே இருக்கும் வளைவு வரை 142 அடி. நடுவில் தரை பள்ளமாக இறங்கி மறுபடி ஏறும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் நீர் ஆற்றில் ஏறி வரும்போது வாசல் வழியாக உள்ளே பாயும். அப்படிப் பாய்ந்த ஒரு நாளில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தார்: பள்ளத்தில் கணுக்கால் அளவிலிருந்து இடுப்பளவுக்கு ஏற, பத்தொன்பது நிமிடம்.

கதையில் இரண்டு பிள்ளைகள் தீபாவளி அமாவாசை அன்று அதற்குள் போகிறார்கள். வளைவில் உட்கார்ந்து தண்ணீர் ஏறக் காத்திருக்கிறார்கள். ஏறும் தண்ணீர் ஒரு பலகையைத் தூக்கிவிட, அதற்குப் பின்னால் பறங்கியர் ஒளித்து வைத்த வெண்கல மணி தெரிகிறது. மணியைக் காக்கும் பிசாசோடு சண்டை போட்டு, பிறகு ஓடி வந்து தப்பிக்கிறார்கள்.

கையெழுத்துப் பிரதியை ஷரீஃப் இரண்டு முறை படித்தார்.

“சார், பத்தொம்போது நிமிஷத்துல பசங்க எப்படி மணியப் பாத்து, பிசாசப் பாத்து, சண்ட போட்டு வெளிய வருவாங்க? செத்துப் போயிடுவாங்க.”

“தண்ணி அப்படித்தான் ஏறும்.”

“அது ஆத்துல சார். இது புக்கு. ரெண்டு மணி நேரம் குடுங்க.”

சுப்புராயன் ஒரு வாரம் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் பத்தொன்பது நிமிடத்தை அடித்து, இரண்டு மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தார். ஐந்து புத்தகங்களிலும் அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

புத்தகம் ஜூன் மாதம் வந்தது. நன்றாகப் போனது. பிள்ளைகளின் கடிதங்கள் பதிப்பக முகவரிக்கு வரும். ஷரீஃப் அவற்றை ஒரு துணிப்பையில் போட்டு வைத்துச் சனிக்கிழமை தோறும் கொடுப்பார். சுப்புராயன் வீட்டுக்குக் கொண்டு வந்து, எல்லாவற்றுக்கும் வரிசை எண் இடுவார். பதிவேட்டில் பெயர், ஊர், அஞ்சல் முத்திரைத் தேதி எழுதுவார். அதற்குப் பிறகுதான் முதல் எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து உடனுக்குடன் பதில் எழுதுவார். ஒன்றுக்குப் பதில் எழுதாமல் அடுத்ததைப் பிரிக்க மாட்டார்.

அக்டோபர் 16-ஆம் தேதிப் பையில் நிலா என்ற சிறுமியின் அஞ்சலட்டை இருந்தது. ஏழாம் வகுப்பு. முகவரி, மேற்பார்வை ஹமீதுன்னிசா பெட்டிக்கடை, அடையாறு. ‘ஐயா, வாசலில் இருந்து வளைவு வரை 142 அடி என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு 137 தான் வருகிறது. எது சரி?’

சுப்புராயனுக்கு அன்று முழுக்க உற்சாகம் தாங்கவில்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில் அளவுகோலோடு வரைபடம் அச்சாகியிருந்தது. ஒரு குழந்தை அதன் மேல் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்திருக்கிறதே என்று நினைத்தார். சொர்ணத்திடம் படித்துக் காட்டினார்.

“பதில் போடுங்க. புள்ள காத்துக்கினு இருக்கும்,” என்றாள் சொர்ணம்.

போட்டார். ‘142 தான் சரி. நீ படியின் உள் விளிம்பிலிருந்து அளந்திருப்பாய். வெளி விளிம்பிலிருந்து அளந்து பார்.’ 18.10.1993 அன்று தபாலில் சேர்த்ததாகப் பதிவேடு சொல்கிறது.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 13, சனிக்கிழமை. அதனால் ஷரீஃப் பையை வெள்ளிக்கிழமை சாயங்காலமே கொடுத்துவிட்டார். கூடவே வீட்டில் செய்த அல்வாவும் கொடுத்தார். பையில் முப்பத்தொரு கடிதங்கள் இருந்தன. அன்று வரிசை எண் இட்டு, பதிவேட்டை எழுதி முடித்து, முதல் ஒன்பதுக்குப் பதில் போட்டார். மறுநாள் எண்ணெய்க் குளியல், இட்லி, கோவில் எல்லாம் முடிந்து பத்து மணிக்கு மறுபடி உட்கார்ந்தார். தெருவெங்கும் சரவெடி. பகல் சாப்பாட்டுக்கு எழுந்து, மறுபடி உட்கார்ந்து, இருபத்தேழாம் எண்ணைக் கையில் எடுத்தபோது மணி ஒன்று ஐம்பது.

நிலாவின் இன்னொரு அஞ்சலட்டை. நவம்பர் 8-ஆம் தேதி முத்திரை. நாலு நாளாக ஷரீஃபின் பையிலும், இருபது மணி நேரமாக அவருடைய மேசையிலும் கிடந்தது.

‘ஐயா, நீங்கள் சொன்னது சரி. படி மண்ணுக்குள் புதைந்திருந்தது. நானும் தம்பி சேரனும் தோண்டினோம். ஞாயிற்றுக்கிழமை கயிறு பிடித்து அளந்தோம். 142 சரியாக வந்தது. அன்று உள்ளே தண்ணீர் வரவே இல்லை. தீபாவளி அன்று மூன்று மணிக்குப் போய் வளைவில் உட்கார்ந்து தண்ணீர் வரக் காத்திருப்போம். இரண்டு மணி நேரம் இருக்கிறது அல்லவா. மணி தெரிந்தால் உங்களுக்கு எழுதுகிறேன். சேரனுக்கு ஆறு வயது. அவன் பயப்பட மாட்டான்.’

சுப்புராயன் அட்டையைத் திருப்பி முகவரியை இன்னொரு முறை பார்த்தார். அந்தப் பெண் அளந்தது வரைபடத்தை அல்ல, வடிகாலையே. போன ஞாயிற்றுக்கிழமை அஷ்டமி. கடல் ஏறாத நாள். தண்ணீர் வராததைக் கண்டு அவளுக்குத் துணிச்சல் வந்திருக்கிறது. இன்று அமாவாசை. மழைக்காலம் என்பதால் ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மூடாமல் திறந்து கிடக்கிறது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சொர்ணம் வெளியே வந்தாள். “எங்கீங்க, பண்டிகையும் அதுவுமா?”

“அடையாறு.”

“யாரு வீட்டுக்கு?”

நாற்பத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவர் வீட்டை விட்டு இறங்கியது அன்றுதான்.

பேருந்து வரவில்லை. குளத்தோரம் நின்ற ஆட்டோக்காரர் தலையைக்கூடத் திருப்பவில்லை. “தீபாவளி பெருசு. சவாரி இல்ல.”

“ஆத்துக்குள்ள ரெண்டு குழந்தைங்கப்பா.”

அந்த ஆள் பீடியைக் கீழே போட்டார். “குந்து.”

ஹமீதுன்னிசாவின் பெட்டிக்கடை ஆற்றோரக் குடிசைகளின் முனையில் இருந்தது. அவருக்குத் தீபாவளி இல்லை என்பதால் கடை திறந்திருந்தது. மத்தாப்பு வாங்கப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். மணி மூன்று ஐந்து.

“நிலாவா? தோ, இப்பத்தான் போச்சு பெரியவரே. தம்பிய இட்டுக்கினு. ரெண்டு பேட்டரி செல்லு வாங்கிக்கினு போச்சு. காசு அப்பறம் தரேன்னுச்சு. இன்னா விசயம்?”

“அவங்க அம்மா?”

“திருவான்மியூர்ல வூட்டு வேல. பண்டிகைன்னா அங்கதான் வேல ஜாஸ்தியா கீது. நீங்க யாரு நைனா?”

அவர் சொன்னார். ஹமீதுன்னிசா முழுக்கக் கேட்கவில்லை. கல்லாவை அப்படியே விட்டுவிட்டு, தலை முக்காட்டை இழுத்துவிட்டபடி முன்னே நடந்தார். வழியில் தின்பண்டம் தின்றுகொண்டிருந்த இரண்டு ஆண்களையும் இழுத்துக்கொண்டார்.

கரை முழுக்க முள். முப்பத்தைந்து வருஷத்தில் ஆறு தன் போக்கை மாற்றியிருந்தது. சுப்புராயன் மூன்று இடத்தில் தவறாக இறங்கி ஏறினார். வடிகாலின் வாய் கண்ணில் பட்டபோது மூன்று நாற்பது. புதிதாகத் தோண்டிய மண் பக்கத்தில் குவிந்திருந்தது. படி தெரியவில்லை. அதன் மேல் ஒன்றரை அடித் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது, யாரோ உள்ளிருந்து உறிஞ்சுவது போல.

“நிலா,” என்று கத்தினார். பின்னால் எங்கோ ஆயிரம் வாலா சரவெடி வெடித்தது. அது ஓய்ந்ததும் மறுபடி கத்தினார். “நிலா. நிலா. சேரா.”

இரண்டு ஆண்களும் வேட்டியை அவிழ்த்துக் கயிறாகக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். அறுபதடி போனதும் மார்புக்கு மேல் வந்துவிட்டது என்று திரும்பினார்கள். ஒருவர் கையில் ஒரு டார்ச் இருந்தது. கண்ணாடிக்குள் தண்ணீர்.

“வேற ஒண்ணும் ஆப்படல,” என்றார் அவர். “பள்ளத்துக்கு அந்தாண்ட போக முடியல.”

ஹமீதுன்னிசா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். சுப்புராயன் நின்றுகொண்டே இருந்தார். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தரை ஏறும் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு ஏறும், கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை அங்குலம் மிஞ்சும் என்பதும் தெரியும். அந்தக் கணக்கை அவர் அன்று போடவில்லை.

ஐந்து மணிக்கு மழை பிடித்தது. ஆறு மணிக்கு ஆறு கரையைத் தொட்டது. குடிசைகளில் இருந்தவர்கள் பாத்திர பண்டங்களைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். யார் பிள்ளை யாரோடு போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து விவரம் எழுதிக்கொண்டு, “காலைல பாக்கலாம்” என்றார். ஹமீதுன்னிசா சுப்புராயனின் மயிலாப்பூர் முகவரியை ஒரு சிகரெட் அட்டையில் வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார்.

காலையில் செங்கல் வாயே தண்ணீருக்கு அடியில் இருந்தது. குடிசைகள் காலி. சிலர் பள்ளிக்கூடத்தில், சிலர் சொந்தக்காரர்களிடம், சிலரைப் பற்றி எதுவும் தெரியாது. பெட்டிக்கடையும் மூடிக் கிடந்தது. சுப்புராயன் தினமும் போனார். குடையைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் மேல் நின்று தண்ணீரைப் பார்ப்பார். எதைத் தேடிப் பார்க்கிறார் என்பதை நினைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை ஷரீஃபிடம் போய் நடந்ததைச் சொன்னார். “மிச்சப் பிரதியெல்லாம் நிறுத்துங்க. உள்ளே போகாதீங்கன்னு பத்திரிகைல ஒரு விளம்பரம் போடுங்க.”

“பிரதிய நிறுத்திடறேன். இன்னிக்கே. ஆனா விளம்பரம் வேணாம் சார். பேய்க்கத எழுதறவரு போகாதீங்கன்னு சொன்னா, அம்பது பசங்க போவாங்க.”

அது சரிதான் என்று சுப்புராயனுக்குப் புரிந்தது. பிள்ளைகளுக்கு அவர் சொல்லும் எதுவும் இனி எச்சரிக்கை ஆகாது, எல்லாம் கதைதான். வீட்டுக்கு வந்து 1958-ஆம் வருஷ நோட்டை எடுத்துச் சொர்ணத்திடம் காட்டினார். “நான் சரியாத்தான் எழுதி வெச்சிருந்தேன். பாரு.” அவள் பார்த்தாள். “இதையா அந்தப் புள்ள படிச்சுது?” என்று மட்டும் கேட்டாள்.

இருபத்தெட்டு முதல் முப்பத்தொன்று வரையிலான கடிதங்களை அவர் பிரிக்கவே இல்லை.

பத்தாம் நாள் தபால்காரர் ஓர் அஞ்சலட்டையைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். பென்சில் எழுத்து. பெருங்குடி முத்திரை. அனுப்பியவர் முகவரி இல்லை.

‘ஐயா, கடைக்கார அம்மா நீங்கள்தான் வந்தது என்று சொன்னார்கள். இங்கே பெரியம்மா வீட்டில் இருக்கிறோம். அன்று தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் வரவில்லை. உடனே வந்தது. பள்ளத்தில் எனக்குக் கழுத்து வரை இருந்தது. சேரனைத் தூக்கிக்கொண்டேன். டார்ச் விழுந்துவிட்டது. இரண்டு முறை அவன் முகம் தண்ணீருக்குள் போனது. வெளியே வந்ததும், புதுத் துணி சேறானதற்கு அம்மா அடிப்பாள் என்று பாலத்துக்கு அடியில் ஒளிந்திருந்தோம். நீங்கள் எங்கள் பேரைச் சொல்லிக் கத்தியது கேட்டது. உங்கள் புத்தகத்தில் பிசாசு அப்படித்தான் பேரைச் சொல்லிக் கூப்பிடும். அதனால் வரவில்லை. சேரன் அன்றிலிருந்து பேசவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினோம். அடி நீளம் எல்லாம் சரியாகப் போட்டீர்கள். இதை மட்டும் ஏன் பொய்யாகப் போட்டீர்கள்? இனிமேல் உங்களுக்கு எழுத மாட்டேன். நிலா.’

வந்த தேதி 22.11.1993, திங்கட்கிழமை.