மலை வலது கைப் பக்கம்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. வீட்டில் நான் அவரை ‘வா, போ’ என்றுதான் பேசுவேன். நினைவு மலரில் அச்சாகப் போகிறது, மரியாதையாக எழுது என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் ‘ஆர்’ போட்டு எழுதுகிறேன். இதைப் படித்திருந்தால் அக்காவே சிரித்திருப்பார்.

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில், வேர்க்கடலை போடும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். எங்கள் தெருவில் முதன்முதலில் சைக்கிள் ஓட்டிய பெண் அவர்தான். பொறுக்காத சிலர் டயரில் காற்றைப் பிடுங்கி விட்டார்கள். அக்கா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பம்பைக் கேரியரில் கட்டிக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பினார்.

டிகிரி முடித்த கோடையில், தோழிகள் மல்லிகா, சாந்தியோடு கன்னியாகுமரிவரை சைக்கிளில் போகிறேன் என்றார். அம்மா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அப்பா, துணைக்கு என்னையும் அனுப்பி, ஒரு கண்டிஷன் போட்டார்.

“தெனம் வெளக்கு வெக்கறதுக்குள்ள தந்தி வரணும். ஒரு நாள் வரலன்னா, மறுநாள் நானே பஸ் ஏறி வந்து எல்லாரையும் இட்டுனு வந்துடுவேன். அப்புறம் மெட்ராஸும் கெடையாது, ஒண்ணும் கெடையாது.”

மெட்ராஸ் என்றால் டிரில் டீச்சர் பயிற்சி. அக்காவுக்கு உயிர் அதில்தான் இருந்தது. விண்ணப்பப் பாரம் அப்பாவின் கையெழுத்துக்காக அலமாரியில் காத்திருந்தது.

நான்கு நாட்கள் தந்தி ஒழுங்காகப் போனது. ஐந்தாம் நாள் துவரங்குறிச்சியிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டோம். லாரித் தொல்லை தாங்காமல் ஊர்களுக்குள் போகும் ரோட்டைப் பிடித்தோம். “வழி எனக்குத் தெரியும், பின்னாடியே வாங்க” என்று முன்னால் மிதித்தவன் நான். தெரியவே தெரியாது. வலது பக்கம் ஒரு மலை வந்தது. பிறந்ததிலிருந்து மலையை வலது கைப் பக்கம் வைத்தே நடந்து பழகிய கால்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஹேண்டில்பார் தானாக மலைப் பக்கம் திரும்பியது.

காலையில் டீ குடித்த கடை, உச்சி வெயிலில் மறுபடியும் எதிரே வந்தது. கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

“என்ன தம்பி, டீ அம்புட்டு நல்லாவா இருந்துச்சு?”

அக்கா சைக்கிளை விட்டு இறங்கி, மலையைப் பார்த்து, என்னைப் பார்த்தார். “அடப்பாவி! எங்களக் கிரிவலம் சுத்த வெச்சிட்டியேடா!”

மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகுதான் தந்தி நினைவு வந்தது. இனி மதுரை ஆகாது. மேலூர் தபாலாபீஸை ஐந்து மணிக்குள் பிடிக்க வேண்டும். கடைக்காரர் வழி சொல்லி, பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். அக்கா மிதித்த மிதியை நான் அன்றுதான் பார்த்தேன்.

நாங்கள் போனபோது கவுண்டரில் இருந்தவர் சாவியோடு எழுந்துவிட்டார்.

“டயம் முடிஞ்சுருச்சும்மா, நாளைக்கு வாங்க.”

அக்கா மூச்சு வாங்கியபடியே தந்திப் பாரத்தை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

“பஞ்சர்னு போட்டுடு அக்கா” என்றேன் நான்.

“ஆமாண்டி. வழி தப்பிட்டோம்னு தெரிஞ்சா, உங்கப்பா மெட்ராஸ் அனுப்பவே மாட்டாரு” என்றார் மல்லிகா அக்கா.

“பஞ்சரே ஆவலியே” என்று சொல்லிவிட்டு அக்கா எழுதியது இதுதான்: ‘தவறான மலையைச் சுற்றிவிட்டோம். நலம்.’

கவுண்டர்காரர் படித்தார். “எந்த ஊரும்மா நீங்க?”

“திருவண்ணாமலைங்க.”

“அதானே பார்த்தேன்!” என்று சிரித்து, மறுபடி உட்கார்ந்து தந்தியைத் தட்டினார்.

டவுன் தந்தி ஆபீஸ் வாசலில் காத்திருந்த அப்பா அதைப் படித்துவிட்டு, வீடு வரும்வரை எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார். நாங்கள் கன்னியாகுமரியைப் பார்த்துத் திரும்பியபோது மெட்ராஸ் பாரத்தில் கையெழுத்து இருந்தது. “தப்ப மறைக்கத் தெரியாத பொண்ணு. எங்க அனுப்பினா இன்னா?” என்றார்.

அக்கா டிரில் டீச்சர் ஆனார். ஏழு வருடம் விசில் ஊதினார். எத்தனையோ பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தார். பிறகு நோய் வந்தது.

அந்த டீக்கடைக்காரருக்கும் கவுண்டர்காரருக்கும் இந்த மலர் போய்ச் சேராது. ஆனாலும் முதல் நன்றி அவர்களுக்கு. வேலூர் ஆஸ்பத்திரியில் முறை போட்டுக்கொண்டு உடனிருந்த மல்லிகா அக்காவுக்கும் சாந்தி அக்காவுக்கும் எந்த நன்றியும் போதாது. சீருடையிலேயே வந்து வரிசையாக நின்ற மாணவிகளுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும் நன்றி.

வேலூரிலிருந்து அக்காவைக் கொண்டுவந்த வேன் டிரைவருக்கும் நன்றி. போளூர் தாண்டி ஊர் நெருங்கியதும் அப்பா கேட்காமலேயே வேகத்தைக் குறைத்தார். அப்பா பின்னால் திரும்பி, அக்காவின் நெற்றியில் கை வைத்தார்.

“கண்ணு, மல வலது கைப் பக்கம் வந்துடுச்சும்மா. இது நம்ம மலதான்.”