பூட்டிய வீட்டிலிருந்து வந்த அழைப்பு

எங்கள் அக்கா முசிறியில் பிறந்தார். அப்பா வாழைத்தார் மண்டியில் சுமை தூக்கியவர். அவர் திடீரென்று இறந்துவிட, துவாக்குடியில் டிப்ளமோ முடித்த கையோடு அக்கா திருச்சியில் ஓர் அலாரம் கண்காணிப்பு நிலையத்தில் சேர்ந்து, என்னைப் படிக்க வைத்தார்.

வீடுகளில் மாட்டிய அலாரம் பெட்டி, ஆபத்து என்றால் தானாகவே டெலிபோன் லைனில் நிலையத்தை அழைக்கும். எந்த வீடு, என்ன ஆபத்து என்பதை எண்களாக்கி, பீப் ஒலிகளாக அனுப்பும். ‘கிடைத்தது’ என்று நிலையத்திலிருந்து பதில் ஒலி போகும்வரை விடாது. அந்த எண்களைப் பார்த்து உரியவர்களுக்குச் சொல்வதே அக்காவின் பணி.

ஒரு நாள் மதியம், ஸ்ரீரங்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டிலிருந்து அவசரக் குறி வந்தது. மாடியறைப் பொத்தானை அமுக்கினால் மட்டுமே வரும் குறி அது. வெளிநாட்டிலிருந்த வீட்டுக்காரரை அக்கா அழைத்தார்.

“வீட்ல யாரும் இல்லைங்க. கூட்டுற அம்மா நேத்தே வந்துட்டுப் போயிருப்பாங்க. மிஷின் கோளாறா இருக்கும், விடுங்க.”

குறி மறுபடியும் மறுபடியும் வந்தது. அக்கா போலீசுக்குச் சொல்லிவிட்டு, நிலைய மெக்கானிக்கின் பைக்கில் ஏறிப் போனார்.

பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. அடுக்களையில், கூட்ட வந்த புஷ்பம்மாள் இடுப்பெலும்பு முறிந்து முந்தைய நாளிலிருந்து கிடந்தார்.

“பட்டன அமுக்குனது நீங்களாம்மா?”

“நான் எங்கம்மா மாடியேறுறது? மேல யாரோ நடந்துக்கிட்டே இருந்தாங்க. கூப்பிட்டுப் பார்த்தேன், எறங்கி வரல.”

மாடியறை வெளியே பூட்டியிருந்தது. பூட்டின்மேல் ஒட்டடை. படிக்குக் கீழே இருந்த அலாரம் பெட்டியைத் திறந்த மெக்கானிக், “பாப்பா, இங்க வா” என்றார். டெலிபோன் வயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. முனைகள் களிம்பேறிக் கறுத்திருந்தன.

“இது அறுந்து பல மாசம் ஆச்சு. இதுலேர்ந்து எதுவுமே வெளிய போயிருக்காது.”

ஆனால் அந்தப் பெட்டி தினமும் அனுப்ப வேண்டிய சோதனைச் செய்தி ஒரு நாளும் தவறியதில்லை என்றது நிலையப் பதிவு. அன்று மதியத்துக்குப் பிறகு அங்கிருந்து எதுவும் வரவில்லை. ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதிய அறிக்கையில் அக்கா கையெழுத்திட மறுத்தார்.

புற்றுநோயுடன் படுத்திருந்த கடைசி வாரத்தில் கேட்டேன்: “அன்னைக்குப் பயமா இல்லியாக்கா?”

“மாடிப்படி ஏறுறப்ப பயமாத்தான் இருந்துச்சுடா. ஆம்புலன்ஸ்ல புஷ்பம்மா என் கையப் பிடிச்சாங்க. அப்பதான் பயம் போச்சு.”

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், தோள் கொடுத்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. ஊன்றுகோலுடன் இரண்டு பஸ் மாறித் தினமும் கஞ்சி கொண்டுவந்த புஷ்பம்மாளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அக்கா கண் மூடிய அன்று தலைமாட்டில் உட்கார்ந்து அவர் அழுதார்:

“அன்னைக்கு நான் கூப்பிட்டப்ப நீயாவது வந்தியேம்மா.”

— தம்பி