ஹால்வர் குடாவில் அடிக்காத மணி

இது நடந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அலாஸ்காவில் இருபது வருடமாகச் சுற்றுலாப் படகு ஓட்டுகிறேன். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் நான். இதை நினைத்தால் எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக வருகிறது.

காலை ஏழு மணி. ஹால்வர் குடாவில் நங்கூரம் போட்டிருந்தோம். படகில் நான், என் கொழுந்தன் ஐனார், நான்கு பயணிகள். அதில் லொரெய்ன் என்ற அம்மாள் மூன்றாவது வருடமாக வருகிறாள். இரண்டு வருடமும் ஒரு கரடியைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. “கரடி இருக்கா, இல்ல கரடி விடுறீங்களா?” என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

அன்று வந்தது. ஆறு கடலில் சேரும் இடத்தில் தாய்க்கரடியும் இரண்டு குட்டிகளும். சால்மன் மீனைப் பிடித்து, தலையை மட்டும் தின்றுவிட்டு எறிந்துகொண்டிருந்தது. அடுப்பில் காபி கொதித்தது. லொரெய்ன் மூச்சைப் பிடித்துக்கொண்டு செல்போனில் படம் எடுத்தாள்.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. இடது கரையும் கடலும் மறைந்துபோயின. கரடி நின்ற மூலை மட்டும் தெளிவாக இருந்தது. அது ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நங்கூரத்தில் நிற்கும் படகு, பனி இறங்கினால் நிமிடத்துக்கு ஒரு தடவை மணியடிக்க வேண்டும். இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஐனார் மணிக்கயிற்றைப் பிடித்தான். நான் என் கம்பளிக் காலுறையைக் கழற்றி மணியின் நாக்கில் சுற்றினேன்.

“அண்ணி, என்ன பண்றீங்க?”

“மணியடிச்சா கரடி ஓடிரும். நம்மள விட்டா இங்க எவன் இருக்கான்?”

“இருந்தா?”

“இருந்தா நான் பாத்துக்கறேன். நீ வாய மூடு.”

க்ரீச்... சளப்.

துடுப்புச் சத்தம். இடது பக்கம்.

“யாராவது இருக்கீங்களா? கரை தெரியலைங்க. ஒரு தடவை மணியடிங்க.”

ஆண் குரல். பதற்றமே இல்லை. பக்கத்து வீட்டில் உப்பு கேட்கிற மாதிரி.

மனிதக் குரல் கேட்டால் கரடி தலையைத் தூக்கும். இது தூக்கவில்லை. குட்டிகளும் காதை அசைக்கவில்லை.

லொரெய்ன் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணாலேயே கேட்டாள்.

“உஷ்... சும்மா இருங்க. அவனே போயிருவான்.”

க்ரீச்... சளப்...

“பக்கத்துலதான் இருக்கீங்க. காபி வாசம் வருதுங்க.”

ஐனார் கயிற்றுக்குக் கை நீட்டினான். அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

விடவில்லை.

துடுப்புச் சத்தம் மெல்ல விலகிப் போனது.

பிறகு வெகு தூரத்தில், கடல் பக்கம்...

“சரிங்க. பரவாயில்ல.”

அதைக் கேட்டதும் என் கை தானாக விட்டது. காலுறையைப் பிய்த்து எறிந்தேன். அடித்தேன். தோள் வலிக்க வலிக்க அடித்தேன். கரடி குட்டிகளோடு காட்டுக்குள் ஓடியது.



பனி விலகியது. கடல் உள்வாங்கி நீர் வற்றிய நேரம் அது. இடது பக்கம் முழுக்க வெறும் சேறு. துடுப்புப் போட ஒரு சாண் தண்ணீர் இல்லை.

மத்தியானம் வரை சின்னப் படகில் சுற்றித் தேடினோம். ரேடியோவில் கடலோரக் காவல்படையைக் கூப்பிட்டோம். யாரும் காணாமல் போகவில்லை என்றார்கள்.

சாயங்காலம் லொரெய்ன் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். ஆற்றுச் சத்தம் இருந்தது. துடுப்பும் இல்லை, அந்த ஆளும் இல்லை. நடுவில் ஒரே ஒரு குரல். என்னுடையது.

“சும்மா இருங்க. அவனே போயிருவான்.”

செல்போனை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் துறைமுகத்தில் டீசல் போட்டோம். குழாய் பிடிக்கும் தோர்வால்ட் பெரியவரிடம், ஹால்வர் குடாவில் ஒரு குரல் கேட்டது என்று மட்டும் சொன்னேன்.

அவர் நிமிரவில்லை.

“காபி வாசம் வருதுன்னானா?”

காபியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

“எங்கப்பா அங்க திருட்டு மீன் புடிச்சிட்டிருந்தாரு. அன்னைக்கும் பனி. மாட்டிக்குவோம்னு மணியடிக்கல. அவர்கிட்ட கேட்டப்ப அவன் உயிரோட இருந்தாம்மா.”

“அப்புறம்?”

“அப்புறம் நெறைய படகுல கேட்டுட்டான்.”

“யாராவது அடிச்சாங்களா?”

குழாயைக் கொக்கியில் மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

“அவன் வர்றப்பெல்லாம் கரையில கரடி நிக்குமே. யாரு அடிப்பா?”