கச்சான் நிற்பதற்குள் ஓர் அலை

குருக்கள்மடத்திலிருந்து கல்குடாவுக்குப் போய் வந்ததையெல்லாம் பயணக் கட்டுரையாக எழுதலாமா என்று கேட்பீர்கள். மொத்தமே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் எட்டடிப் பலகை ஒன்றையும் அதன் சொந்தக்காரியான என் மனைவியையும் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ஒரு ஓட்டோவும் பிடித்துப் போய்ப் பாருங்கள். பிறகு பேசலாம்.

சனிக்கிழமை, காலை

பலகை என்றால் அலையில் சறுக்கும் பலகை. மனைவியின் பெயர் சரோ. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியை. நாற்பத்து நான்கு வயதில், பொத்துவிலில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு விடுமுறையில் போனவள், அங்கே பெண்பிள்ளைகள் அலையில் சறுக்கப் பழகுவதைப் பார்த்துத் தானும் கடலில் இறங்கிவிட்டாள். திரும்பி வந்தபோது யாரோ பாவித்துக் கழித்த இந்தப் பலகையும் கூடவே வந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. நாங்கள் வட்டையில் நெல் விதைத்துச் சாப்பிட்ட குடும்பம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் எனக்குக் குலதெய்வம் நினைவுக்கு வந்துவிடும்.

போன வருடம் சரோவுக்கு மார்பில் சத்திர சிகிச்சை நடந்தது. வலது அக்குளிலும் கட்டிகளை வெட்டி எடுத்தார்கள். நோய் போய்விட்டது என்றார்கள். ஆனால் அந்தக் கை பழைய கையாக இல்லை. கொஞ்சம் வேலை செய்தாலும் வீங்கும். தோளுக்கு மேல் போகாது. மாதக்கணக்காகச் சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிப் பயிற்சி செய்தாள். இந்த மாதம்தான் டொக்டர், நோகாமல் கொஞ்சம் கடலில் இறங்கிப் பாருங்கள் என்றார். அலையைப் பிடிப்பதற்குப் பலகையில் படுத்து, கைகள் இரண்டாலும் துடுப்புப்போலத் தண்ணீரை வலித்து, அலையின் வேகத்துக்குப் பலகையை ஓட்ட வேண்டும்; பிடித்ததும் எழும்பி நிற்க வேண்டும். அந்தத் துடுப்பு வேலைக்கு இந்தக் கை வருமா என்பது அவளுக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது.

“இந்தமுறை கை கேக்காட்டி பலகையப் பொத்துவில் பிள்ளையளுக்குக் குடுத்திருவன். வீட்டுச் சுவரில சாத்தி வச்சுப் பாத்துக்கொண்டு இருக்க என்னால ஏலா” என்று புறப்படுவதற்கு முதல்நாள் சொன்னாள். அவள் சொன்னால் செய்கிற ஆள்.

எங்கள் ஊரிலும் கடல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அங்கே அலை நீளமாக வந்து கரையில் மொத்தமாக விழுந்துவிடும். சறுக்க இடமே தராது. அதற்கு ஒரு பாறைமுனை வேண்டும். முனையைச் சுற்றி வளைந்து வருகிற அலை, ஒரு பக்கத்திலிருந்து ஒழுங்காக உடைந்துகொண்டே போகும். இன்னும் உடையாமல் இருக்கிற பக்கத்தில்தான் பலகை ஓடும். கல்குடாவுக்கு அப்பால் அப்படி ஒரு முனை உண்டு. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

எங்கள் வீட்டில் வானிலை இலாகா என் பொறுப்பு. கை முடியாமல் அவள் வீட்டிலிருந்த காலத்தில், போனில் அலையும் காற்றும் பார்க்கப் பழகிக்கொண்டேன். தெற்கே, ஆளில்லாத பெருங்கடலில் எங்கேயோ அடித்த புயலின் மிச்சம்தான் நம்முடைய கரைக்கு அலையாக வருகிறது. ஞாயிறு காலை இடுப்பளவு அலை, அலைக்கும் அலைக்கும் நடுவே பன்னிரண்டு விநாடி என்று போன் சொன்னது. இது கச்சான் காலம். தரைப் பக்கமிருந்து வீசும் அந்தக் காற்று, அலையின் முகத்தைக் கலைந்துவிடாமல் பிடித்து வைத்திருக்கும். ஒன்பது, ஒன்பதரை மணிக்குக் கச்சான் நிற்கும். பிறகு கடற்காற்று ஏறி எல்லாவற்றையும் குழப்பிவிடும். திங்கள் தொடங்கி ஒரு கிழமைக்கு அலை சரியில்லை. அதற்குள் பள்ளிக்கூடமும் தொடங்கிவிடும். ஆக, எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காலைப்பொழுது.

கல்முனையிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் பலகையைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

“அக்கா, என்னத்துக்கு வீட்டு வாசல் கதவக் கழட்டிக்கொண்டு வந்த நீங்க?”

“ஊரில கள்ளர் கூடிப்போச்சு தம்பி. கதவக் கையோட கொண்டு போறன்” என்றாள் சரோ.

பஸ்ஸே சிரித்தது. சிரித்துக்கொண்டே கண்டக்டர் பலகைக்கும் ஒரு டிக்கட் கிழித்தார். காத்தான்குடியில் சனம் ஏறியபோது பலகை என் தலைக்கு மேல் வந்தது. கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று பட்டபோது எங்கள் மூவருக்குமே மூச்சு வந்தது. மட்டக்களப்பில் பஸ் மாறி, ஏறாவூர், செங்கலடி, கிரான் என்று வாழைச்சேனைக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அங்கிருந்து ஓட்டோ எழுநூறு ரூபாய். கூரையில் பலகையைக் கட்டிய ஓட்டோக்காரர், போலீஸ் பிடித்தால் பலகையைக் கட்டியது மனைவிதான் என்று சொல்லும்படி எனக்குச் சொல்லித் தந்தார். மின்விசிறியோடு அறை நாலாயிரத்து ஐந்நூறு. மீன்குழம்பு நன்றாக இருந்தது. சரோ சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை

வெள்ளாப்பிலேயே, கீழ்வானம் வெளுக்கும்போதே, கரைக்குப் போய்விட்டோம். போன் ஒரு சொல்கூடப் பிழையாகச் சொல்லவில்லை. முனையின் நுனியில் எழும்பிய அலை, பாறையை ஒட்டி வளைந்து, சீலையை உதறி மடிப்பதுபோல ஓரம் ஓரமாக மடிந்து உள்ளே வந்தது. முதுகில் கச்சான் வெதுவெதுப்பாகப் பட்டது. சரோ பேசாமல் நின்றாள். ஆசைப்பட்டதைக் கண்ணால் கண்டுவிட்டால் அவள் பேசமாட்டாள். எங்கள் கலியாணத்தன்றும் பேசவில்லை என்று நான்தான் சொல்லிக்கொள்வேன்.

அப்போதுதான் கயிற்றைக் கண்டேன். கரையில் இரண்டு இடத்திலிருந்து இரண்டு தடித்த கயிறுகள் கடலுக்குள் போயிருந்தன. கரைவலை. தோணியில் போய்க் கடலை வளைத்து வலையைப் போட்டுவிட்டு, கயிற்றின் இரண்டு முனையையும் கரையில் நின்று இழுக்கிற வேலை. இருபது பேருக்குக் கிட்ட, தமிழரும் முஸ்லிம்களுமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். அலை வந்து முடிகிற இடம் முழுவதும் அந்த வலைக்குள்தான் இருந்தது.

வலை முதலாளி மன்சூர், எல்லாருக்கும் அண்ணன் முறையில் காக்கா, வாழைச்சேனைக்காரர்; தலையில் துவாய் கட்டி, கயிற்றின் பக்கத்தில் நின்று வலையின் மிதப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்க் கதையை முழுவதும் சொன்னேன். நோயை, கையை, போன் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

“தம்பி, எனக்கு விளங்குது. ஆனா கயிறு தண்ணிக்குள்ள கிடக்கக்குள்ள ஒருத்தரும் இறங்கேலா. மீன் கலைஞ்சிரும். இந்த இருவது பேருட சோறு அதுக்குள்ள இரிக்கி.”

“எப்ப காக்கா வலை ஏறும்?”

“எட்டரை தாண்டும். ஏறினதும் மற்ற வலைய வளைப்பம். மறுகா அது மத்தியானம்தான்.”

நான் திரும்பி வந்து சரோவிடம் சொன்னேன். அவள் கடலைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். பலகையை மணலில் வைத்தாள். நேராகப் போய்க் கயிற்றைப் பிடித்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. ஒரு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்த கை. நிரம்பிய குடம் ஒன்றைத் தூக்க விட்டதில்லை நான். “விசரா உனக்கு? விடு கயிற!” என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன்.

“ஆள் கூடினா வலை கெதியா வரும். கத்துறத விட்டுட்டு நீங்களும் வந்து பிடிங்க” என்றாள்.

பிடித்தேன். வேறு என்ன செய்வது? கயிறு தேங்காய்த் தும்பு மாதிரி உள்ளங்கையை உரித்தது. நான் தோளாலும் கையாலும் மூச்சுப் பிடித்து இழுத்தேன். சரோ அப்படி இழுக்கவில்லை. காலை ஊன்றி, உடம்பின் பாரத்தைப் பின்னால் சாய்த்து, அடி அடியாகப் பின்வாங்கினாள். கை கயிற்றைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். உடற்கல்வி டீச்சர் அல்லவா. யாரோ அம்பா என்ற இழுவைப் பாட்டை எடுத்தார், மற்றவர்கள் பதில் குரல் கொடுத்தார்கள். நாலாவது ஐந்தாவது தடவையில் சரோவின் குரலும் அதற்குள் கேட்டது. நான் கோபத்தில் இருந்ததால் பாடவில்லை. ஆனால் அவள் வலது கையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. வீங்குகிறதா, நடுங்குகிறதா என்று பார்த்துப் பார்த்தே என் கால் இரண்டு தரம் தடுக்கியது.

எட்டு மணி போல வலை கரையேறியது. வலையின் மடிக்குள் சூடை மீனும் கீரி மீனும் மின்னின. நடுவே நாலைந்து பாரை. பரவாயில்லாத மீன்பாடு என்று சொல்லிக்கொண்டார்கள். அதற்குள் தோணிப் பக்கம் மற்ற வலையை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மன்சூர் காக்கா இரண்டு கையாலும் மீனை அள்ளிக்கொண்டு சரோவிடம் வந்தார்.

“இந்தாங்க டீச்சர். கயிறு பிடிச்ச ஆக்களுக்குப் பங்கு இரிக்கி. அது எங்கட வாப்பாமாருட காலத்து வழக்கம். வேணாமெண்டு சொல்லப்படாது.”

சரோ கையை நீட்டவில்லை. “பங்க மீனாத்தான் தரவேணுமா காக்கா?”

“வேற என்னத்தத் தாறது?”

“மற்ற வலைய வளைக்க முந்திக் கொஞ்சம் கடலத் தாங்க.”

காக்கா மீனும் கையுமாக நின்றார். பிந்தினால் மீன் கூட்டம் விலகிப் போகலாம். அது எனக்கே தெரிந்தது. அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். கயிற்றில் எனக்கு முன்னால் நின்று இழுத்த கல்குடாக்காரர் ஒருவர் மணலில் குந்திக்கொண்டே சொன்னார்: “புருசனும்தானே பிடிச்சவர் காக்கா. ரெண்டு பங்கு.”

“அவர் இழுத்த இழுவைக்கு அரைப் பங்கு குடுக்கலாம்” என்றார் இன்னொருவர்.

காக்கா சிரித்துவிட்டார். “சரி, ஒண்டரைப் பங்கு. ஒரு மணித்தியாலம். போங்க டீச்சர், அல்லாட காவல். டேய், தேத்தண்ணி வைங்கடா!”

சரோ பலகையை எடுத்துக்கொண்டு ஓடினாள். இருபது பேரும் கையில் தேத்தண்ணியோடு மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு கோப்பை தந்தார்கள். குடித்தேனா என்று நினைவில்லை.

பாறையை ஒட்டி வெளியே போகிறாள். வலிக்கிறாள். இடது கை முழுதாக விழுகிறது. வலது கை பாதியில் தண்ணீரைத் தொட்டுவிட்டு எழும்புகிறது. பலகை ஒரு பக்கம் கிறுகுகிறது, அவள் நேராக்குகிறாள். முதல் அலை அவளுக்குக் கீழால் போய்விட்டது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் பலகையோடு சுருட்டிக் கீழே போட்டது. தலை வெளியே வரும்வரை நான் மூச்சு விடவில்லை. மேலே வந்தவள் பலகையில் படுத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தாள். தெரிந்துவிட்டது, கயிறு அந்தக் கையின் பலத்தைக் குடித்துவிட்டது என்று நினைத்தேன். என் கழுத்தில் பட்ட கச்சான் குறைந்தது. மீன்பிடிக்காரர் தங்கும் வாடிக் கூரையின் ஓலைகள் அசையாமல் நின்றன. பொத்துவிலுக்குப் பலகையை எந்த பஸ்ஸில் அனுப்புவது என்று என் பாவி மனம் கணக்குப் போட்டது.

அப்போது ஒரு அலை வந்தது. பெரியது என்று சொல்லமாட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள், வலிக்கத் தொடங்கினாள். இடது, வலது, இடது, வலது. வலது கை முழங்கைவரை தண்ணீருக்குள் போய் வந்தது. பலகையின் பின்பக்கம் எழும்பியது. அடுத்த கணம் அவள் வலிக்கவில்லை, அலையே கொண்டுபோனது. முனையிலிருந்து வளைந்து, வலை கிடந்த இடத்துக்கு மேலால், எங்கள் முன்னாலேயே ஓடி, மணல் தட்டுகிற இடம்வரை வந்தது. கரை முழுவதும் கூவியது. நானும் கூவினேன், அம்பாவுக்குக் கொடுக்காத குரலெல்லாம் வந்தது.

அவள் படுத்தபடியே வந்திருந்தாள். எழும்பி நிற்கவே இல்லை.

“ஏன் டீச்சர் எழும்பல்ல?” என்றார் மன்சூர் காக்கா, ஒரு பெரிய வழக்கில் நீதிபதி கேட்பதுபோல.

சரோ மணலில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். “பிடிச்சிட்டன் எண்ட சந்தோசத்தில மறந்திட்டன் காக்கா.”

மீண்டும் போகலாம் என்று எழும்புவதற்குள் கடற்காற்று வந்துவிட்டது. நீர்முகம் சுருங்கியது. பங்கு நேரமும் முடிந்திருந்தது. தோணி இறங்கியது. நிற்காத குறையை அடுத்த கிழமை வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அதுவரை பலகை வாடியிலேயே இருக்கட்டும் என்றார் காக்கா. அலை சரியில்லாத கிழமை அது என்று வானிலை இலாகா சொல்லிப் பார்த்தது, யாரும் கேட்கவில்லை. மறுத்த மீனையும் சாக்குத் துண்டில் சுற்றித் தந்தார். அந்த மற்ற வலையை அவர்கள் பிந்தித்தான் வளைத்தார்கள். என்ன கிடைத்ததோ, எனக்குத் தெரியாது. நல்லது கிடைத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் மனதார நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம்

பொலன்னறுவையிலிருந்து வந்த பஸ் ஓட்டமாவடியிலேயே நிரம்பித்தான் வாழைச்சேனைக்கு வந்தது. தொங்காத குறையாக ஏறினோம். இந்த ஒரு வருடமாக பஸ்ஸில் ஏறினால் என் முதல் வேலை, யாரிடமாவது கெஞ்சி அவளுக்கு ஓர் இடம் கேட்பது. வாயைத் திறக்கப் போனேன். என் முகத்தைப் பார்த்தே ஒருவர் எழும்பி அவளை இருக்கச் சொன்னார்.

“எனக்கு வேணாம் தம்பி” என்றாள் சரோ. “இவர இருக்க விடுங்க. காலையில கயிறு இழுத்துக் கை ஏலாமப் போனது இவருக்குத்தான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உண்மையாகவே இரண்டு தோளும் விண் விண் என்று நொந்தது. உட்கார்ந்தேன். மடியில் மீன். ஊருக்குப் போனால் நாளைக்கு அதே பள்ளிக்கூடம், அதே கிளினிக் நாள், அதே பயம். அதில் ஒன்றும் மாறப்போவதில்லை. கிரான் தாண்டியதும் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. அவள் விழுந்துவிடுவாளோ என்று பதறி நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே கம்பியை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள், வலது கையால்.